பாறை மேல் வராத ழ

காலை எட்டு மணி இருபத்திரண்டு நிமிடம்.

இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், என் கைக்கடிகாரம் அப்போது என் மூக்குக்கு நேராக இருந்தது. இடது கை பாறையின் ஒரு விளிம்பைப் பற்றியிருந்தது. அந்தக் கையோடு ஒட்டி என் முகம். கீழே பார்க்கத் துணிவில்லை, மேலே பார்க்கத் தெம்பில்லை. பார்க்கக் கிடைத்தது மணி மட்டும்தான்.

தரையிலிருந்து முப்பது அடி உயரம். பெங்களூர் கனகபுரா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிப் போனால் வரும் ஒரு கரும்பாறை. என் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு, பாறை உச்சியில் மாட்டியிருந்த வளையம் வழியாகப் போய், மறுபடி கீழே இறங்கி, என் மகள் வினோதினியின் கையில் முடிந்தது. நான் ஏற ஏற அவள் கயிற்றை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். நான் நழுவினால் பிடித்து நிறுத்த வேண்டும். அவளுக்குப் பதினேழு வயது. எனக்கு நாற்பத்தொன்பது.

எனக்கு முன்னால் ஏறி இறங்கியவர்கள் வினுவின் கல்லூரித் தோழிகள். அவர்கள் ஏறும்போது கீழே ஒரே கன்னடக் கூச்சல். என் முறை வந்ததும் மரியாதைக்கோ என்னவோ அமைதியாகிவிட்டார்கள். காற்று மட்டும் காதில் இரைந்தது.

வலது கால் நடுங்க ஆரம்பித்தது. கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி படபடவென்று. கயிறு கொஞ்சம் இறுகினால் போதும், அதில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

"வினு, இழு. இழு" என்று கத்தினேன்.

கயிறு தளர்ந்தது. இடுப்பில் இருந்த இறுக்கம் போய், என் தொடை மேல் கயிறு வளையமாகத் தொங்குவதைப் பார்த்தேன். இன்னும் பலமாகக் கத்தினேன். இன்னும் தளர்ந்தது. அப்புறம் கால் போயிற்று.

ஏழெட்டு அடி விழுந்திருப்பேன். இடது பாதம் ஒரு திட்டில் மோதியது. அடுத்த கணம் கயிறு என்னை வெடுக்கென்று பிடித்து நிறுத்தியது. தொங்கினேன். வாயெல்லாம் மண் வாசனை.

கீழே இறக்கி உட்கார வைத்தார்கள். கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நான் என் மகளைப் பார்த்துச் சொன்னேன்: "இழுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீ என்னடான்னா விட்டுக்கிட்டே இருக்க. காது கேக்காதா ஒனக்கு?"

"நீங்கதானப்பா எறக்கச் சொன்னீங்க."

"நானா? நான் எதுக்குச் சொல்றேன்?"

அவள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். அப்புறம் குனிந்து இடது கையால் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

செருப்புக்குக் காவல்

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் பயங்களைப் பற்றித் தெரியும். கேஸ் மூடினேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற ஆள். மகள் ஆட்டோவில் ஏறினால் நம்பரை எழுதி வைப்பவன். 'இவருக்கு எப்படிப் பாறை ஏறும் ஆசை வந்தது?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாத்தூரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் இரும்பு ஏணியில் என் வயதுப் பையன்கள் எல்லோரும் ஏறுவார்கள். ஏறும் முன் செருப்பைக் கழற்றி வரிசையாக விடுவார்கள். நான் அந்தச் செருப்புகளுக்குக் காவல். யாரும் என்னை அப்படி நியமிக்கவில்லை. கீழே நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, நானே எடுத்துக்கொண்டேன். எந்தச் செருப்பு யாருடையது, எதில் வார் அறுந்திருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம்.

முப்பத்தைந்து வருடம் கழித்து, பொம்மனஹள்ளி தாண்டி ஒரு பழைய கிடங்கில், அதே வேலையில் உட்கார்ந்திருந்தேன். கிடங்கின் சுவர் முழுக்க, ஏறிப் பழகுவதற்கு, வண்ண வண்ணமாகப் பிளாஸ்டிக் பிடிகள். ஒரு தோழி கூப்பிட்டாள் என்று வினு அங்கே சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை தோறும் நான் கொண்டுபோய் விட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளை அல்ல. அவள் ஏறுவதைப் பார்க்க முடியாது எனக்கு.

பார்க்க முடியாததால் கேள்வி கேட்டேன். அங்கே பயிற்சி தருபவர் சரளா. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். இந்தக் கயிறு எத்தனை கிலோ தாங்கும், இந்த முடிச்சு அவிழாதா, எலி கடித்தால் என்ன ஆகும். வாராவாரம் பொறுமையாகப் பதில் சொன்னவர் ஒரு நாள் என் காலைப் பார்த்தார்.

"சார், ஷூ நம்பர் இன்னா?"

"எட்டு. ஏம்மா?"

"எலி கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. மேல போய் நீங்களே கயித்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

வினு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஷூவை மாட்டினேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு பயம்

முதல் நாள் ஆறு அடிகூட ஏறவில்லை. ஆனால் இறங்கிய பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். அந்த ஆறு அடியில் கேஸ் சிலிண்டர் நினைவுக்கு வரவில்லை. திங்கட்கிழமை மீட்டிங் வரவில்லை. மகளின் பரீட்சை, என் சர்க்கரை அளவு, எதுவும் வரவில்லை. பச்சைப் பிடியிலிருந்து மஞ்சள் பிடிக்குக் கை எட்டுமா என்ற ஒரே பயம். எட்டியதும் அது போய், அடுத்த பிடிக்கு ஒரு புதுப் பயம்.

என் தலைக்குள் எப்போதும் நூறு பயங்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும். அவற்றை இப்படி வரிசையில் நிற்க வைக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளவே அடுத்த சனிக்கிழமையும் ஷூ மாட்டினேன். அதற்கு அடுத்த சனிக்கிழமையும்.

உடம்பு என்ற ஒன்று கழுத்துக்குக் கீழே இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலையில் விரல் நுனிகளுக்கு மட்டுமே வேலை. இப்போது முன்கை வலித்தது, முதுகில் எங்கெங்கோ புதிய இடங்கள் வலித்தன. வழுக்காமலிருக்கச் சாக் பவுடர் அப்பிய உள்ளங்கையில் காப்பு காய்த்தது. அந்தக் காய்ப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே கம்பெனி வண்டியில் உட்கார்ந்திருப்பேன். மேம்பாலத் தூண்களைப் பார்த்தால் இதில் கை எங்கே வைக்கலாம் என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு பீமின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். மனைவி மாலதி லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள்.

"என்னங்க இது, வவ்வால் மாதிரி?"

"விரலுக்குப் பயிற்சி."

"வாச்மேன் பாக்குறாரு. எறங்குங்க. வாழைப்பழம் வாங்கணும், வாங்க."

வாழைப்பழத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் சாத்தூர்ப் பக்கத்து ஆட்களில் பலருக்கு ழ வராது. எனக்குச் சுத்தமாக வராது. மாலதிக்குக் கும்பகோணம். கல்யாணமான புதிதில் பழக்கடையில் நான் "ஒரு டசன் வாளப்பளம்" என்று கேட்டபோது அவள் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். வினு பேசக் கற்றதும் அவளும் சேர்ந்துகொண்டாள். நான் எதிலாவது ரொம்பக் கண்டிப்பு காட்டினால், "அப்பா, முதல்ல வாழைப்பழம் சொல்லுங்க" என்பாள். கண்டிப்பு அத்தோடு போய்விடும்.

அப்பாவும் மகளும் ஒன்றாகப் போக ஆரம்பித்த பிறகு, அவள் ஏறினால் நான் கயிறு பிடிப்பேன், நான் ஏறினால் அவள். அவள் என்னை மேலே போகச் சொல்லிக் கத்துவாள், திட்டுவாள், "சும்னே தொங்காதீங்கப்பா, கால யூஸ் பண்ணுங்க" என்பாள், கன்னடம் கலந்து. இந்த வயதில் மகள் நம்மிடம் இவ்வளவு பேசுவது எத்தனை வீட்டில் நடக்கிறது? பாறைக்குப் போகலாம் என்று சரளா சொன்னபோது நான்தான் முதலில் கை தூக்கினேன்.

மாவுக்கட்டு

எலும்பில் கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு, ஊன்றுகோல், வீட்டிலிருந்து வேலை.

வலி மூன்று நாளில் குறைந்தது. வீட்டில் வேறு ஒன்று குறைந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. வினு என்னிடம் மரியாதையாகப் பேசினாள். "அப்பா, தண்ணி வேணுமா?" "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" கேட்டதற்குப் பதில். கலாய்ப்பு இல்லை, திட்டு இல்லை. வாழைப்பழம் இல்லவே இல்லை. சனிக்கிழமை வந்தால் படிக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஷூ, பட்டை எல்லாம் பரணில் ஏறிவிட்டன.

ஒரு காலை எனக்குக் காப்பி டம்ளரை நீட்டினாள். அவள் வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரு கோடு. தோல் வழன்று, காய்ந்து, ஓரம் உரிந்துகொண்டிருந்தது.

"இது என்னம்மா?"

"ஒன்னுமில்ல. ஆறிடுச்சு."

கயிறு உராய்ந்த கோடு. நான் விழுந்தபோது விடாமல் பிடித்த கை. பத்து நாளாக என் காலைப் பற்றியே வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம், நானும்தான். அவள் எந்தக் கையால் சாப்பிட்டாள், எப்படி எழுதினாள் என்று நான் பார்க்கவே இல்லை.

சரளாவுக்குப் போன் செய்தேன். "அன்னைக்கு என்னதாம்மா நடந்துச்சு? வினு கவனமில்லாத பொண்ணு இல்லையே."

"நான் மேல வளையத்துகிட்ட இருந்தேன் சார், சத்தம் சரியா கேக்கல. ஆனா ஒன்னு சொல்றேன். பொண்ணு கயித்த விடல. நீங்க உயுந்த செகண்டுல கெட்டியா புடிச்சிச்சு. இல்லன்னா காலோட மட்டும் போயிருக்காது."

"அப்ப மொதல்ல ஏன் தளத்துனா?"

"அத அவகிட்டதான் கேக்கணும். கேட்டீங்களா?"

கேட்கவில்லை. குற்றம் சொன்னேன். கேட்கவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சோதனைக்காரன் புத்தி. ஒரு புரோகிராம் தவறு செய்தால் அதற்குள் என்ன போனது என்று பார்ப்போம். போனது சரியாக இருந்து வந்தது தப்பாக இருந்தால் நடுவில் ஏதோ இருக்கிறது. நான் சொன்னது 'இழு'. அவள் செய்தது 'இறக்கு'. நடுவில் முப்பது அடி காற்று. அதில் என்ன இருக்க முடியும்?

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கார் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன். ஊன்றுகோலைப் பார்த்து ஒருவர் இடம் கொடுத்தார்.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம். எனக்கு முன்னால் ஒரு பெண், பள்ளிச் சீருடையில் அவளுடைய சின்ன மகள். குழந்தை படியில் நின்றுகொண்டு ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இளி, இளி, பேக இளி" என்று அவசரப்படுத்தினாள் அம்மா. குழந்தை குதித்து இறங்கியது.

கண்டக்டர் என் பக்கம் திரும்பி, "நிதானா இளீரி சார்" என்றார்.

நான் இறங்கவில்லை. படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் முதுகில் தட்டினார். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

இளி. கன்னடத்தில் இறங்கு. பத்தொன்பது வருடமாக இந்த ஊர் பஸ்களில் நான் கேட்டு இறங்குகிற சொல்.

பஸ் நிறுத்தத்தில் நின்று 'இழு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் நாக்கு அதைச் சொல்லவில்லை. 'இளு' என்றது. மறுபடி சொன்னேன். இளு. கத்துகிற மாதிரி இழுத்துச் சொன்னேன். கடைசி எழுத்து உகரமா இகரமா என்று எனக்கே தெரியவில்லை. கரும்புச் சாறு பிழிகிறவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

முப்பது அடி கீழே, காற்றில், அவள் காதில் என்ன விழுந்திருக்கும்? அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்வரை அவள் தோழிகள் 'ஹத்து, ஹத்து' என்று ஏறச் சொல்லியும் 'இளி, இளி' என்று இறங்கச் சொல்லியும் கத்திக்கொண்டிருந்தார்கள். என் கால் நடுங்குவதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவால் முடியவில்லை, இறங்கணும் என்கிறார். அவள் இறக்கினாள். நான் பலமாகக் கத்தக் கத்த, சொன்ன பேச்சைக் கேட்டு இன்னும் இறக்கினாள்.

கிடங்கில் ஏறும்போது இருவரும் இழுக்க 'டேக்', இறக்க 'லோயர்' என்று ஆங்கிலத்தில்தான் சொல்வோம். ஆபீசிலும் நாள் முழுக்க எனக்கு ஆங்கிலம்தான். உயிர்ப்பயம் வந்ததும் என் வாய் நேராகச் சாத்தூருக்குப் போய்விட்டது. அவள் காது, அவள் பிறந்து வளர்ந்த பெங்களூரில் இருந்தது. எல்.கே.ஜி. வேனில் கேட்ட சொல்லை அது எடுத்துக்கொண்டது. இரண்டு பேருமே தப்பு செய்யவில்லை என்று எழுதலாம். அது உண்மை இல்லை. எட்டுப் பேர் நடுவில் காது கேட்காதா என்று கேட்டது நான்.

எல்லார் முன்னாடியும்

வீட்டில் வினு துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலைக்கூடச் சாத்தாமல் நின்றபடியே சொன்னேன். பஸ், அந்தக் குழந்தை, இளி, இளு எல்லாம். மாலதி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து கேட்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவள் முகத்துக்குத் தெரியவில்லை.

வினு மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள்.

"அப்போ நான் தப்புப் பண்ணல."

"இல்லம்மா."

"ஒன்றரை மாசமா தினமும் யோசிச்சேன்பா. நிஜமா நீங்க எறக்கச் சொன்னீங்களா, இல்ல நானே கற்பனை பண்ணிக்கிட்டேனான்னு. காது டாக்டர்கிட்டப் போகலாமான்னுகூட நெனச்சேன்."

ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினேன்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க" என்றாள். "இப்ப எங்கிட்ட மட்டும் சொல்றீங்க."

துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மாலை, ஏறுகிறவர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். தமிழ் தெரியாதவர்களும் இருந்ததால் என் உடைந்த கன்னடத்திலும் கொஞ்சம் சொன்னேன். எங்கள் ஊர் ஆட்கள் பலரைப் போல எனக்கும் ழ வராது என்பதையும், இழுக்கச் சொல்வதாக நினைத்து இறக்கச் சொன்னதையும், வினோதினி என் உயிரைப் பிடித்து நிறுத்தியதையும், அவளை அத்தனை பேர் முன்னால் நான் பழித்தது தவறு என்பதையும். ஆதாரத்துக்காக ஐந்து முறை 'இழு' சொல்லிக் காட்டினேன்.

முதலில் சரளா ஒரு வாழைப்பழப் படம் போட்டார். வினு எப்போதோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் குழு முழுக்க வாழைப்பழமாக வந்து விழுந்தது. "இளி என்றால் தமிழில் பல்லைக் காட்டுவதாமே அங்கிள்" என்று கன்னடத்தில் ஒரு பெண் எழுதியிருந்தாள். வினு கேட்டுவிட்டாள் என்பதற்கு நீல டிக் மட்டும் வந்தது. பதில் வரவில்லை.

கயிறு கட்டியபடி

அதற்கு மூன்று வாரம் கழித்து டாக்டர் சரி என்றார். சனிக்கிழமை கிடங்குக்குப் போனேன். "நான் போறேன், வர்றியா?" என்று வினுவிடம் கேட்டேன். "ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு" என்றாள். கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

ஷூ போட்டேன். பட்டை மாட்டினேன். கயிற்றில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டேன். சுவருக்கு முன்னால் போய் நின்றேன். பச்சைப் பிடி அங்கேயேதான் இருந்தது. நூறு பயங்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. வரிசையில் நிற்கிற மாதிரி தெரியவில்லை.

"வாங்க சார், நான் புடிக்கிறேன்" என்றார் சரளா.

"கொஞ்ச நேரம் ஆகட்டும்மா."

"கால் நோவா?"

"இல்ல."

அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. நான் கயிறு கட்டியபடியே நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாருடையதோ செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் வார் அறுந்திருந்தது. கூரைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. நான்கு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. சின்னவர்கள் ஏறினார்கள், விழுந்தார்கள், சிரித்தார்கள். இன்று வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வாரம் வரலாம் என்று முடிச்சில் கை வைத்தேன்.

"அத அவுக்காதீங்க."

வினு. கல்லூரிப் பை தோளில், நெற்றியில் மழைத் தண்ணீர். பையை என் மடியில் போட்டாள். பரணிலிருந்து எப்போது இறக்கினாளோ, பைக்குள்ளிருந்து தன் பட்டையை எடுத்து மாட்டினாள். என் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். கயிற்றைத் தன் இடுப்புக் கொக்கியில் கோத்து, வலது கையில் சுற்றாமல் பற்றிக்கொண்டாள். உள்ளங்கையில் அந்தக் கோடு வெளுத்துப் போயிருந்தது.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சுவருக்குப் போனேன். பச்சைப் பிடியில் கை வைத்தேன். பின்னால் கயிறு அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

அவள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"முதல்ல வாழைப்பழம் சொல்லுங்க" என்றாள்.